காலை 6 மணி மஸ்டருக்கு மருத்துவம் வரட்டும்: தூய்மைப் பணியாளர்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை அலுவலர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை அலுவலர்கள்,
மாநகராட்சி, நகராட்சி ஆணையர்கள்,
தமிழ்நாடு.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற செவிலியர். கொங்குப் பக்கத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள். பணிக்காலத்தின் பிற்பகுதி ஒரு நகர்ப்புற நிலையத்தில் கழிந்தது. அதன் எல்லைக்குள் இருந்த காலனிகளில் பெரும்பாலும் தூய்மைப் பணியாளர்களின் குடும்பங்கள்தான். அவர்களுடைய சுகர், பிரஷர், காசநோய், வாயில் ஒதுக்கும் புகையிலை, குடி இவற்றைப் பற்றித்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவர்களுக்கு அறிவுரை சொல்வதைக் குறைத்துக்கொண்டு, அவர்களுடைய வேலை நாளைக் கொஞ்சம் மாற்றி அமைத்துக் கொடுங்கள். நல்ல பழக்கம் தானாகவே பின்னால் வரும்.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். மாத்திரை வாங்க வராதவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள். அதில் காலனிகளின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். உடனே விழிப்புணர்வு முகாம் நடத்தச் சொல்லி உத்தரவாகும். பேனர் கட்டுவோம், துண்டறிக்கை கொடுப்போம், கை கழுவும் முறையைச் செய்து காட்டுவோம். அடுத்த மாதமும் அதே பட்டியல். ஒரு நகரத்தின் குப்பை முழுவதையும் கையால் அள்ளுகிறவர்களுக்குச் சுத்தத்தின் அருமை தெரியாது என்று எப்படி நினைக்க முடிகிறது? தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் செய்ய அவர்களுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். சுகரும் உண்டு, பிரஷரும் உண்டு. நாங்கள் கொடுத்த மாத்திரைகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி இடுப்பில் செருகியிருப்பார். பிரித்துப் பார்த்தால் போன மாதத்து அட்டையே பாதி தீராமல் இருக்கும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்றீங்கன்னு சொல்லுங்கக்கா” என்று கேட்டேன்.

எழுவது 4 மணிக்கு. தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பேரனுக்கு எடுத்து வைத்துவிட்டு 5 மணி வாக்கில் கிளம்பினால்தான் 6 மணி மஸ்டருக்கு, அதாவது வார்டில் எல்லோரும் கூடி வருகைப் பதிவு செய்யும் இடத்துக்கு, போய்ச் சேர முடியும். கொஞ்சம் தாமதமானாலும் அன்றைய கூலி மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. வழியில் ஒரு டீ. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போய், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து முடிக்கும்போது 10 மணி தாண்டிவிடும். அதற்கப்புறம்தான் சாப்பாடு. “வெறும் வயித்துல மாத்திரை போட்டா கை நடுங்குது, தலை சுத்துதுங்க சிஸ்டர். வண்டியப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுக்குவேன். இன்னொரு மாத்திரை போட்டா வயிறு கலக்குது. ரோட்டுல நான் எங்கீங்க போறது?”

உங்களில் மருத்துவம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் சாப்பிடாமல், குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் ரத்தச் சர்க்கரை மடமடவென்று இறங்கும். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் பலருக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். பிரஷருக்கென்று சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடமில்லாத தெருக்களில் வேலை பார்க்கும் பெண் என்ன செய்வார்? அதைத்தான் முதலில் நிறுத்துவார். அந்த அக்கா மாத்திரையை விட்டதற்கு அறியாமை காரணமில்லை. மயங்கி விழாமல் அன்றைய வேலையை முடித்தாக வேண்டும், அவ்வளவுதான். ‘காலை உணவுக்கு முன் ஒன்று’ என்று சீட்டில் எழுதுகிறோமே, அது 8 மணிக்கு வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவரை மனதில் வைத்து எழுதியது.

ஆகவே முதல் வேண்டுகோள் மருத்துவர்களுக்கு. தூய்மைப் பணியாளர் ஒருவருக்குச் சீட்டு எழுதும்போது, “எத்தனை மணிக்கு வேலைக்குப் போறீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?” என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். பதிலை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மாத்திரையின் வகையும் நேரமும் அதைப் பார்த்து முடிவாகட்டும். இதற்குப் பணம் செலவில்லை, அரசாணையும் வேண்டாம்.

அடுத்தது மஸ்டர். சுகாதாரத் துறைக்கு இவ்வளவு வசதியான இடம் வேறு கிடைக்காது என்பேன். ஒவ்வொரு வார்டிலும் அதே இடம், அதே நேரம், அதே ஆட்கள், தினமும். கட்டட வேலைக்குப் போகிறவர் இன்று ஒரு ஊரில் இருப்பார், நாளை வேறு ஊரில் இருப்பார்; வீட்டு வேலை செய்பவரைத் தேடி ஒவ்வொரு அடுக்ககமாக ஏற முடியாது. தூய்மைப் பணியாளர்கள் மட்டும் விடிகாலையில் வரிசையில் நிற்கிறார்கள். அதுவும் பலர் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். டீக்கடைக்குப் போவதற்கு முன்னால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை கிடைத்துவிடும். இதையே நாம் ஓ.பி.யில் (வெளிநோயாளிகள் பிரிவில்) செய்யும்போது, சாப்பிடாமல் வரச் சொல்லி, டோக்கன் வாங்கி உட்காரவைத்து, ஒரு நாள் கூலியையும் விடவைக்கிறோம். வராதவர் பெயரைப் பட்டியலில் ஏற்றுகிறோம்.

ஒரு செவிலியர், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு பிரஷர் மிஷின். வாரத்தில் ஒரு நாள், முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஒரு வகை மஞ்சள் காமாலையைத் தடுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. உடைந்த கண்ணாடியிலும், யாரோ வீசிய ஊசியிலும் கை கிழிபடுகிறவர்களுக்கு இது அவசியம். ஆனால் முதல் தவணை போட்டவர் மூன்றாவதுக்கு வருவது அபூர்வம். மஸ்டரில் போட்டால் அந்தப் பிரச்சினையே எழாது. ஆறாம் மாதமும் அதே ஆள் அதே வரிசையில்தான் நிற்பார்.

வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தை மனதார மதிக்கிறேன். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தபோது, நடந்து நடந்து மாத்திரை கொடுத்த பெண்களுக்குக் கிடைத்ததாகவே நினைத்துச் சந்தோஷப்பட்டேன். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அது கடவுள் மாதிரி வந்து சேர்ந்தது. ஆனால் தன்னார்வலர் காலனிக்கு வரும் காலை 10 மணிக்குத் தூய்மைப் பணியாளரின் வீடு பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். மாத்திரை போய்ச் சேரும். பிரஷர் எவ்வளவு என்று பார்க்க ஆள் இருக்க மாட்டார். வேலை பார்க்கும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்க, தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்றும் 2024-ல் தொடங்கினீர்கள். அதன் கீழ் மஸ்டரையும் ஒரு பணியிடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய திட்டம் வேண்டாம்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பல நாள் போராடினார்கள். தனியாரிடம் விடாதீர்கள், பணியை நிரந்தரமாக்குங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. அது நியாயமானது என்பது என் கருத்து. அதையொட்டி அரசு அறிவித்தவற்றில் இலவசக் காலை உணவும் ஒன்று. நிரந்தர வேலைக்கு அது ஈடாகாது. ஆனாலும் ஒரு செவிலியராக அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அக்காவின் பிளாஸ்டிக் கவர்தான். சாப்பாடு வந்துவிட்டால் மாத்திரையும் வயிற்றுக்குள் போகும்.

அதனால் அந்த உணவைச் சமூக நலத்தின் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள், மருத்துவத்தின் கணக்கிலும் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதி வேலை முடிந்து 10 மணிக்குக் கொடுத்தால் பயன் பாதிதான். மஸ்டர் முடிந்த கையோடு, வண்டி கிளம்புவதற்கு முன், உட்கார்ந்து சாப்பிட 15 நிமிடம் கொடுங்கள். கை கழுவத் தண்ணீரும் சோப்பும் அங்கேயே இருக்கட்டும். பொங்கலோ கிச்சடியோ, கூடவே ஒரு சுண்டலோ முட்டையோ. சுகர், பிரஷர் உள்ளவர்களின் காலை மாத்திரை அவரவர் பெயர் எழுதிய டப்பாவில் அங்கேயே இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்டு, போட்டுக்கொண்டு, கிளம்பலாம். சென்னையில் தொடங்கியது மற்ற மாநகராட்சிகளுக்கும், முக்கியமாக யார் கண்ணிலும் படாத சின்ன நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். 2022 செப்டம்பர் 15 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கிறோம். காலையில் சாப்பிடுவதன் முக்கியத்துவம் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்திவிட்டா கொடுத்தோம்? தட்டில் வைத்தோம், சாப்பிட்டார்கள்.

மருத்துவத்தை ஏழைகளின் இடத்துக்குக் கொண்டுபோவதில் இந்த மாநிலத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சியை நினைத்துப் பாருங்கள். காசநோய் என்றால் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, ஓய்வெடுக்க வைத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே அதே மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. சேரி வீட்டில் இருந்தபடியே ஒழுங்காக மருந்து சாப்பிட்டு ஏழைகள் பிழைத்தார்கள். ஆனால் அதற்காக ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள், சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், குடும்பத்தோடு பேசினார்கள். ‘படிக்காதவர்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள்’ என்று நினைத்திருந்தால் அந்த ஆராய்ச்சியே நடந்திருக்காது. உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற முறை பரவியதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன், அதில் நமக்கு நேரடியான பாடம் இருப்பதால். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் பலர் பிரஷருக்கு மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் முடி வெட்டிக்கொள்ளத் தவறாமல் சலூனுக்குப் போகிறார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள்: 52 சலூன்கள், 319 ஆண்கள். பாதிச் சலூன்களில் முடி வெட்டுகிறவர் பிரஷரைப் பற்றிப் பேசி, மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். மீதிச் சலூன்களுக்கு மருந்தாளுநரே நேரில் வந்து, பிரஷர் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் வகையில் பிரஷர் சராசரியாக 9 புள்ளி குறைந்தது. இரண்டாவது வகையில் 27 புள்ளி. 2018-ல் வெளியான முடிவு இது. நம்பிக்கையான ஆள் சொன்ன அறிவுரைக்கும் பலன் இருந்திருக்கிறது. மருந்தே அந்த நாற்காலிக்கு வந்தபோது கிடைத்தது அதைப் போல மூன்று மடங்கு. நம் காலனி ஆண்களுக்கும் சலூன் இருக்கிறது, சங்க அலுவலகம் இருக்கிறது, மாரியம்மன் நோன்பிக்குக் கூடும் கமிட்டி இருக்கிறது. ஓ.பி. வரிசையில் வாயைத் திறக்காதவர் அங்கே மணிக்கணக்கில் பேசுவார்.

யார் பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். காலனிக்குள் வராமல் தெருமுனையில் நின்று ஆளைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சாதி இல்லை என்று நாம் அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்; காலனி மக்களுக்கு யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். மத்திய அரசு கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்கள் 38,000 பேரைக் கணக்கெடுத்தபோது, அவர்களில் சுமார் 69 சதவீதம் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தது. தொழிலுக்குப் பின்னால் சாதி இருக்கும்போது, மருத்துவத்துக்கு முன்னால் அது இல்லாதது மாதிரி நடக்க முடியாது. அந்தந்தக் காலனிப் பெண்களையே தன்னார்வலராக எடுங்கள். பத்தாம் வகுப்பு இல்லை என்று தள்ளாதீர்கள். பிரஷர் மிஷினில் வரும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் பக்கத்துக் காலனிகளில் பலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும்தான் பேசுகிறார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் புரியும் பேச்சு அதுதான். துண்டறிக்கைத் தமிழ் அவர்களுக்கு ஆபீஸ் தமிழ்.

இந்த முறைக்கும் கைமேல் கண்ட பலன் உண்டு. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஆதிவாசி கிராமங்களில் ‘ஏக்ஜுட்’ என்ற அமைப்பு மாதம் ஒரு முறை பெண்களைக் கூட்டி உட்காரவைத்தது. சொற்பொழிவு எதுவும் இல்லை. படம், கதை, விளையாட்டு. ‘போன வருடம் நம் ஊரில் ஏன் அந்தக் குழந்தை செத்தது? நாம் என்ன செய்திருக்கலாம்?’ என்று அவர்களே பேசி, அவர்களே முடிவெடுத்தார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் அந்த ஊர்களில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு, மற்ற ஊர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தது. நம்மிடம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கடன் தவணை பேசி முடித்த பிறகு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

ஊக்கப் பொருள் கொடுப்பதை நம் அலுவலர்கள் சிலர் லஞ்சம் என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ராஜஸ்தான் உதய்ப்பூர் மாவட்டத்தில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முகாம் எதுவும் நடக்காத கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 சதவீதம். முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39 சதவீதம். கூட்டம் சேர்ந்ததால், ஒரு குழந்தைக்கு ஆன செலவும் பருப்பு கொடுத்த இடத்தில்தான் குறைவு. நாமும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை 1987-லிருந்து கொடுத்து வருகிறோம். இன்று அது 18,000 ரூபாய். பரிசோதனைக்கு வர வர, ஊசி போடப் போடத் தவணை வருகிறது. அதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. சுகர் பரிசோதனையைத் தவறவிடாத தூய்மைப் பணியாளருக்கு மாதம் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வந்ததற்குக் கொடுங்கள், சர்க்கரை அளவு குறைந்ததற்குக் கொடுக்காதீர்கள். குறையாதவருக்குத்தான் உதவி அதிகம் தேவை.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் நடக்காது. ஒப்பந்தத் தொழிலாளி தனக்கு நோய் இருப்பதை ஏன் மறைக்கிறார்? மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று. காசநோய்க்கு முழு மருந்தையும் ஒளித்து வைத்துச் சாப்பிட்ட ஓர் அண்ணன், பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ‘சொந்தக்காரர் துக்கம்’ என்று விடுப்பு எடுத்தார். இருமல் அடங்கும் வரை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூசிக்காக என்று சொல்லிச் சமாளித்தார். மஸ்டரில் பரிசோதனை நடத்தும்போது இந்தப் பயம் இரண்டு மடங்காகும். முடிவுகள் ஒப்பந்தக்காரர் கைக்கோ மேஸ்திரி கைக்கோ போகவே கூடாது. பரிசோதிக்கும் இடத்தில் ஒரு திரையாவது வேண்டும். நோயைக் காரணம் காட்டி யாரையும் நிறுத்த முடியாது என்றும், பெரிய மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குக் கூலி உண்டு என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுதியதைத் தமிழில் அச்சடித்து மஸ்டர் சுவரில் ஒட்டுங்கள். இது இல்லாமல் போனால், நான் மேலே கேட்டது அத்தனையும் அந்த மக்களுக்கு எதிராகவே திரும்பிவிடும்.

புகையிலையையும் குடியையும் பற்றி உங்கள் முகாம்களில் அதிகம் பேசுகிறீர்கள். குட்காவுக்கு 2013-ல் தடை போட்டோம். கடைகளில் கிடைக்காமல் போகவில்லை. பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்: புகையிலையை ஒதுக்கிக்கொண்டால் நாற்றம் தெரியாது, பசி தெரியாது. அழுகிய கோழிக் கழிவை அள்ளும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது புரியும். காலைச் சாப்பாடு பசியைப் பார்த்துக்கொள்ளும். நாற்றத்துக்கு, மூச்சுமுட்டாத நல்ல முகக்கவசமும், இறைச்சிக் கழிவுக்குத் தனி வண்டியும் வேண்டும். அதன் பிறகு வாய்ப் பரிசோதனையும், விட நினைப்பவருக்கு நிக்கோடின் சூயிங்கமும் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு மரியாதை இருக்கும். குடிக்கும் அப்படித்தான். ஆண்கள் வேலை முடித்துத் திரும்பும் மதியத்தில் மதுக்கடை திறந்திருக்கிறது, நம் ஓ.பி. மூடியிருக்கிறது. குடியை விட நினைப்பவருக்கு மதியம் 2 மணிக்குப் பேச ஓர் ஆலோசகர் இருக்கட்டும். கைநடுக்கம், தூக்கமின்மை தாங்காமல் மறுபடி குடிக்கப் போகிறவரை, திட்டாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ள வழி இருக்கட்டும். காலனி வாசலில் இருக்கும் கடைகளை முதலில் மூடுங்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அரசு விற்கும் பொருளைப் பற்றி அரசிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கையுறை போடுவதில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. வழங்கும் கையுறையை நீங்களே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். ஆண் கை அளவில் தைத்தது. பெண்ணின் விரலில் நுனி தொங்கும். உள்ளே வியர்த்து ஊறி, விளக்குமாறு வழுக்கும். பாலித்தீன் பையின் முடிச்சை அவிழ்க்க அதைக் கழற்றியே ஆக வேண்டும். மூன்று நான்கு வகை மாதிரியை மஸ்டரில் வைத்து, ஒரு வாரம் போட்டுப் பார்த்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் இதே கதைதான். நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று நாம் சொல்வோம். சிறுநீர் கழிக்க இடமில்லாத பெண் குடிக்க மாட்டார். நீர்க்கடுப்போடு வரும் பெண்களில் பலருக்கு ஆன்டிபயாடிக்கைவிட ஒரு கழிப்பறைதான் மருந்து. ஒவ்வொரு பணிப் பாதையிலும் எந்தக் கழிப்பறையை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று குறித்த வரைபடம் தயாரியுங்கள். பெட்ரோல் பங்க், அம்மா உணவகம், வார்டு அலுவலகம், கட்டணக் கழிப்பறை எல்லாவற்றோடும் மாநகராட்சியே பேசி ஏற்பாடு செய்யட்டும். சீருடையோடு வந்தவரை விரட்டக் கூடாது.

காசநோய் பற்றி ஒரு வரி. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வந்தது. நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் இப்போது தருகிறோம். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ரேஷன் கடை மூலமாகவே கூடுதல் பருப்பு கொடுக்க நம்மால் முடியும்.

நடைமுறைக்கு வருவோம். மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு மாநகராட்சியில் நான்கு வார்டுகளும், ஒரு சின்ன நகராட்சி முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் மஸ்டர் பரிசோதனை, வண்டி கிளம்பும் முன் காலை உணவு, உணவோடு மாத்திரை, காலனியிலிருந்தே தன்னார்வலர், முடிவுகளின் ரகசியத்துக்கு எழுத்துப்பூர்வ உறுதி. ஆறு மாதம் நடத்துங்கள். பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருப்பவர்கள் தொடங்கும்போது எத்தனை பேர், முடிவில் எத்தனை பேர் என்று எண்ணி, பக்கத்து வார்டுகளோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். பலன் இல்லை என்றாலும் வெளியிடுங்கள். திட்டக் குழுவில் தூய்மைப் பணியாளர்கள் பாதிக்குப் பாதி இருக்கட்டும். அவர்கள் வேலை முடித்து வரக்கூடிய மதியத்தில் கூட்டத்தை வையுங்கள், வந்ததற்குக் கூலி கொடுங்கள். அடுத்து ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, பரிசோதனை நேரத்துக்கும் மருத்துவமனை நாளுக்கும் கூலி என்ற விதியை டெண்டர் ஆவணத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்க எந்த ஒப்பந்தக்காரரும் சம்மதிக்க மாட்டார்.

எங்கள் பகுதியில் ஏதாவது ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்தால், நானும் என்னோடு ஓய்வுபெற்ற சில செவிலியர்களும் காலை 5.45-க்கே மஸ்டருக்கு வந்து நிற்கத் தயார். எங்களுக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் மட்டும் மாதம் முழுக்கத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்,
கோயம்புத்தூர் மாவட்டம்.